முன்னுரிமையின் மூன்று பிட்டுகள்

வலையமைப்பு ஸ்விட்ச்சுகளில் குரல் பொதிகளுக்கு இன்று பெரும்பாலும் இடப்படும் குறி 46. அந்த ஆறு பிட்டுகளில் முதல் மூன்றின் மதிப்பு 5. ஜான் போஸ்டல் தொகுத்து 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தின் எட்டுப்படி ஏணியில், ‘ஃபிளாஷ் ஓவர்ரைடு’ என்ற படைத்துறைப் படிக்கும் மேலான இடம் அது. அலுவலக உரையாடலுக்கு இத்தகைய பதவி உயர்வு!

அமெரிக்கப் படைத்துறையின் ஆட்டோவான் தொலைபேசி வலையமைப்பில், தடங்கள் நிரம்பியிருந்தால் உயர்படி அழைப்பு தாழ்படி அழைப்பைத் துண்டித்து வழி பெறும். யாருக்கு எந்தப் படி என்பதைப் பதவி தீர்மானித்தது. இந்திய டிரங்க் அழைப்புகளின் ‘ஆர்டினரி’, ‘அர்ஜென்ட்’, ‘லைட்னிங்’ வரிசையைக் கட்டணம் தீர்மானித்தது.

ஸ்விட்ச் இவ்விரண்டையும் அறியாது. அனுப்புவோர் தாமே இட்டுக்கொண்ட குறியை அது நம்பினால் அனைவரும் 46 ஆகிவிடுவர். இதற்காகவே ‘போலீசிங்’ வந்தது: குறித்த வேகத்தில் டோக்கன்கள் விழும் ஒரு வாளி, டோக்கன் கிட்டாத பொதி கைவிடப்படும், அல்லது கீழ்ப்படிக்கு இறக்கப்படும். வாளியின் அளவை வகுப்பவர் யார் என்பதே அரசியல். இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2018இல் ஏற்ற வலைச் சமன்மைக் கொள்கை, உள்ளடக்கத்தைப் பார்த்து வேகச் சலுகை தருவதைத் தடுத்தது. ‘நியாயமான போக்குவரத்து மேலாண்மை’க்கு விலக்களித்தது.