கட்டிலைச் சுமந்த நால்வர்



அற்புதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு மனிதரின் உருவமே. அவர் கையை நீட்டுகிறார். நோயாளி எழுந்து நடக்கிறான். சுற்றி நிற்பவர்கள் வியந்து பார்க்கிறார்கள். இந்தச் சித்திரத்தில், நோயாளியை அங்கே கொண்டுவந்தவர் யார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை.

மாற்கு எழுதிய நற்செய்தி நூலின் இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நகூம் என்னும் ஊரில் நிகழ்ந்த ஒன்று கூறப்படுகிறது. திமிர்வாதம் கண்டு உடல் செயலற்றுப்போன ஒருவனை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகின்றனர். இயேசுநாதர் இருந்த வீட்டு வாசலில் நுழைய இடமில்லாத கூட்டம். அந்நாட்டு எளிய வீடுகளின் கூரை, மரச்சட்டங்களின்மேல் சுள்ளியும் களிமண்ணும் பரப்பி அமைத்த தட்டையான கூரை. ஏறிச் செல்ல வெளிப்புறத்தில் படிகள் இருக்கும். நால்வரும் மேலே ஏறினர், கூரையைப் பிரித்தனர், படுக்கையைக் கீழே இறக்கினர். தலைமேல் மண் உதிர்ந்தபோது வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, மாற்கு அதை எழுதவில்லை! ஆனால் ஒன்றை எழுதுகிறார். இயேசுநாதர் கண்டது சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை என்கிறார். அந்நால்வரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

இவ்வாறு பிறர் கைகள் வந்து சேரும் இடங்கள் நற்செய்தி நூல்களில் வேறு பலவும் உள்ளன. ஐந்து அப்பங்களைப் பிட்டபோது அவற்றை மக்களுக்குப் பரிமாறியவர்கள் சீடர்கள். கல்லறையினின்று வெளிவந்த லாசருவின் உடலைச் சுற்றியிருந்த கட்டுகளை அவிழ்க்கும் வேலை அருகில் நின்றவர்களிடம் விடப்பட்டது. நான் வரலாறு பயில்பவன். இறையியல் அறிஞன் அல்லன். அற்புதம் எவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினாவை அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். இக்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் பின்னாளில் என்ன செய்தார்கள் என்பது வரலாற்றுக்குரிய வினா. அதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வேலூர் வரை சென்றால் போதும்.

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு வந்த மருத்துவ ஊழியர்; தந்தையும் மருத்துவர். ஆயினும் இளமையில் ஐடாவுக்கு இப்பணியில் நாட்டமில்லை. அமெரிக்காவில் படித்த அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடனேயே 1890-இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் அவர்கள் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குல இந்து. மூவர் இல்லத்திலும் மனைவி பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும் தந்தை வருவார் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்ய அவர்களுடைய வழக்கம் இடம் தரவில்லை. மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

இந்த இரவைச் சிலர் தெய்வ அழைப்பு என்று வருணிப்பர். இருக்கலாம். ஆனால் அன்று வானத்திலிருந்து குரல் எதுவும் எழவில்லை. அழைத்தவை மூன்று அண்டை வீட்டுக் குரல்கள். அவற்றுக்கு விடை சொல்ல ஐடாவுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1900-இல் ஐடா திரும்பிய சில மாதங்களில் தந்தை காலமானார். அனுபவமிக்க வழிகாட்டி இல்லாமலேயே அவர் தொழில் தொடங்க நேர்ந்தது. 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை திறக்கப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால், கைராசிக்கார வைத்தியர் ஒருவரைப் பற்றிய கதையாக மட்டுமே அது நின்றிருக்கும். நம் மக்களுக்குக் கைராசி என்பதில் பெருநம்பிக்கை உண்டு. ஒருவரிடம் அது இருப்பதாகப் பேச்சு எழுந்துவிட்டால், பக்கத்தில் வேறு யார் இருந்தாலும் கண்ணில் படமாட்டார்கள். ஐடாவின் வாசலிலும் கூட்டம் பெருகியது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் அவர் செல்லும்போது மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தனர். ஒருவருக்கு இரண்டு கைகள்தாமே! நான் அவரைப் போற்றுவதற்குக் காரணம், இந்தக் கணக்கை அவர் மறவாமல் இருந்ததுதான். தம் புகழ் வளர்வதில் நிறைவு கொள்ளாமல், தம்மைப்போல் பலரை ஆக்குவதில் அவர் முனைந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. விண்ணப்பம் செய்ய மூன்று பெண்கள்கூடக் கிடைப்பார்களா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். 1922-இல் 14 பெண்கள் பயிற்சியை முடித்து மருத்துவர்களாக வெளிவந்தனர். திண்டிவனத்தில் மூன்று கதவுகளைத் தட்டச் சென்றிருக்க வேண்டிய கைகள் அப்போதுதான் ஆயத்தமாயின.

சீடத்துவம் என்பதன் பொருளை நான் இதில்தான் காண்கிறேன். ஆசிரியரின் நிழலில் அமர்ந்திருப்பது எளிது. அவர் செய்த பணியைத் தன் கையில் வாங்கிக்கொள்வதுதான் கடினம். வாங்குவதினும் கடினம், கொடுப்பது. மருத்துவக் கல்வியின் தரத்தை அரசு உயர்த்தியபோது வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா முழுவதும் சுற்றி நிதி திரட்டினார். 1942-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாயிற்று. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்காகவே தொடங்கிய நிலையத்தில் இது தகுமா என்று அவருடைய நெடுநாளைய ஆதரவாளர் சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் ஐடா பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட்டுக் கொடைக்கானலுக்குச் சென்றார். அவருக்குப்பின் அந்நிலையத்தை நடத்தியவர்களுள் ஹில்டா லாசரஸ் முதல் இந்தியத் தலைவர். ஐடா 1960-இல் மறைந்தார்.

இதற்கிடையில், கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் இலண்டனிலிருந்து வேலூர் வந்திருந்தார். தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய நிகழ்ச்சியை நற்செய்தியில் படித்திருக்கிறோம். அக்காலத்தில் மருத்துவமனைகள்கூட அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பிராண்ட் அவர்களுடைய மடங்கிப்போன கைகளைப் பிடித்து ஆராய்ந்தார். விரல்களை நீட்ட இயலாத கைகளிலும் முன்கையின் தசைகள் வலிமையோடு இருந்தன. உணர்ச்சி மறைந்தமையால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் கை சிதைகிறது என்பதும் புலனாயிற்று. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களோடு இணைத்தார். சுருண்டிருந்த விரல்கள் விரிந்தன. பின்னர் வாரக்கணக்கில் பயிற்சி அளித்து அவ்விரல்களுக்குப் புது வேலையைக் கற்பித்தவர்கள் வேறு பலர்.

அக்கல்லூரியில் பயின்ற கேரளப் பெண்மணி மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்தது. அறுவை மருத்துவராக விழைந்தவர் இனி நிற்கவே முடியாது. கப்பர்நகூமில் இறங்கிய அதே படுக்கை என்று சொல்லலாம். ஆனால் அவர் எழுந்து நடக்கவில்லை. வேறொன்று நிகழ்ந்தது. தொழுநோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்துச் செய்யும் அறுவை, அமர்ந்தபடியே செய்யத்தக்கது என்பதைப் பிராண்ட் அவருக்கு நினைவூட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைத் தொழிலைக் கற்றார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தும் வண்டி கவிழ்ந்தும் முதுகு முறிந்தவர்கள் அங்கே சுமந்து கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைப் பார்க்க வந்த மருத்துவர், தாமே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.