முதலையாகிய மன்னன்

எகிப்திய மன்னர்களை விலங்குகளின் வடிவில் காணும்போது, அது பழங்கால அறியாமை என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அந்நாட்டுச் சிற்பியோ ஒவ்வோர் உருவத்தையும் எண்ணித் துணிந்தே செதுக்கினான். 1898-இல் ஹீராகோன்போலிசில் கண்டெடுக்கப்பட்ட நார்மர் கற்பலகை ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் பழமையானது. அதன் அடிப்பகுதியில் காளையொன்று கொம்பால் நகர மதிலை இடித்து, வீழ்ந்த பகைவனை மிதிக்கிறது. அக்காளை மன்னனே.

கீசாவில் 1860-இல் கிடைத்த காப்ரே மன்னனின் சிலை வேறு வகையானது. ஹோரஸ் தெய்வமாகிய வல்லூறு, பின்னிருந்து அவன் தலையைச் சிறகுகளால் அணைத்திருக்கிறது. நேர் எதிரே நிற்பவருக்கு அப்பறவை தெரியாது. மன்னன் மட்டுமே தெரிவான். பாதுகாப்பை இதனினும் அழகாகக் கல்லில் சொல்ல இயலுமோ?

ஆயினும் அச்சமூட்டுவதே அரசவைக்குப் பெரிதும் பயன்பட்டது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோசு கார்னாக்கில் நாட்டிய கல்வெட்டில், பகைவர் மன்னனைக் காளையாகவும் சிங்கமாகவும், நீரில் எவரும் நெருங்க அஞ்சும் முதலையாகவும் காணச் செய்ததாக அமோன் தெய்வம் கூறுகிறது.

இதனை அறிந்தபின் எசேக்கியேல் நூலின் 29-ஆம் அதிகாரத்தை வாசித்தால் அதன் கூர்மை நமக்குப் புலப்படும். கி.மு. 587-ஐச் சார்ந்த அவ்விறைவாக்கு, பார்வோனை நைல் ஆற்றில் கிடக்கும் பெருவிலங்கு என்கிறது. முதலை என்றே அறிஞர் பலர் கொள்வர். அரசவை பெருமையோடு ஏந்திய உருவமே இங்கு அதற்கு எதிராகத் திரும்புகிறது. முற்றுகையில் தவித்த எருசலேம் அப்போது எகிப்தின் படையை நம்பியிருந்தது. இறைவாக்கினரோ, தாடையில் தூண்டில் மாட்டப்பட்டு, செதில்களில் மீன்கள் ஒட்டியபடியே பாலைநிலத்தில் எறியப்படும் விலங்கை அம்மக்களுக்குக் காட்டுகிறார்.