விறகில் ஓடிய வண்டிகள்

பெட்ரோல் இல்லாமல் மோட்டார் ஓடுமா என்று இன்றைய இளைஞரைக் கேட்டால், அவர் மின்கலத்தைச் சுட்டிக்காட்டுவார். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் வாழ்ந்தவரோ 'கரி பஸ்'ஸை நினைவுகூர்ந்திருப்பார். 1942-ல் பர்மா வீழ்ந்து, அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றபின், சென்னை மாகாணத்துச் சாலைகளில் அடுப்புக்கரியைக் கொண்டே பஸ்கள் ஓடின. வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருளை நிற்கும். கிளீனர் அதில் கரியைக் கொட்டி, நெருப்பு மூட்டி, காற்றாடியின் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். வண்டி கிளம்புவதற்குள் பிரயாணிகளின் பொறுமை கரைந்துவிடும். மேடு வந்தால் இறங்கித் தள்ளியதும் உண்டு என்பர் பழையவர்கள்.

இந்தக் கேலிக்குரிய வண்டிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு விஞ்ஞானம் நின்றது. பிரான்ஸ் தேசத்து எஞ்சினீயரான பிலிப் லெபோன், மூடிய கலத்தில் மரத்தைச் சூடாக்கினால் எரியக்கூடிய வாயு வெளிவருவதைக் கண்டு, 1799-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் விரும்பியது விளக்கொளி. பின்வந்தோர் அவ்வாயுவை உலைகளுக்கும் எந்திரங்களுக்கும் பயன்படுத்தினர்.

இதன் தத்துவம் எளிது. விறகுக்குத் தாராளமாகக் காற்றுக் கொடுத்தால் அது எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அளந்து, குறைத்துக் கொடுத்தாலோ ஒரு பகுதி மட்டுமே எரியும். அந்தச் சூட்டில் எஞ்சிய பகுதி கரியாகிறது. எரிந்ததனால் உண்டான கரியமில வாயுவும் நீராவியும் செந்தணலான அக்கரியினூடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன. இவ்விரண்டும் எரியும் வாயுக்கள். ஆயினும் கலவையில் ஏறத்தாழப் பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன், அது எரியாது. பெட்ரோலில் பாய்ந்த வண்டி இவ்வாயுவில் தள்ளாடியதற்குக் காரணம் இதுவே. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகச் சுமார் மூன்று கிலோ விறகு வேண்டியிருந்தது.

விறகிலிருந்து தாரும் வெளிவரும். அது எஞ்சினின் வால்வுகளில் ஒட்டி இறுகிவிடும். அடுப்புக்கரியில் இத்தொல்லை குறைவு. ஆனால் மரத்தைக் கரியாக்குவதிலேயே அதன் சக்தியில் பெரும்பகுதி வீணாகிறது. 1920-களில் ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் வாயுவை மேல்நோக்கி விடாமல், உலையின் அடியில் குறுகிய கழுத்தொன்றின் வழியாகக் கீழ்நோக்கி இழுத்தார். அக்கழுத்தின் கடும் வெப்பத்தில் தார் பெரும்பாலும் சிதைந்து தானும் வாயுவாயிற்று. எண்ணெய்க்குப் பதிலாக விறகையே எரிக்க இதனால் வழி பிறந்தது. யுத்தம் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் மட்டும் சுமார் ஐந்து லட்சம் வண்டிகள் இவ்வகை வாயுவில் ஓடியதாகக் கணக்கிடுவர். ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் லாரிகளும் டிராக்டர்களும் இதனையே நம்பியிருந்தன.

ஆனால் இதற்கு விலை கொடுத்தவர் ஓட்டுநரே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. மூடிய கொட்டகையில் உலையை மூட்டியவர், உலை அவியுமுன் வண்டியிலேயே கண்ணயர்ந்தவர் ஆகியோரின் உயிருக்கு அது எமனாயிற்று. தலைவலியும் மயக்கமும் அத்தொழிலின் அன்றாடத் துணைகளாயின. ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் இந்நோயைத் தனியே ஆராய வேண்டியதாயிற்று. சாம்பல் அகற்றுவதும் வடிகட்டியைக் கழுவுவதும் நாள்தோறும் தீராத வேலை. ஆகவே 1945-க்குப்பின் எண்ணெய் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் உலைகளைக் கழற்றி எறிந்ததில் வியப்பில்லை. அவற்றுள் நயமான ஒரு சாதனம் இருந்தது என்பதையும் சேர்த்து மறந்ததுதான், என் எண்ணத்தில், பிழை.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் உலகம் அச்சாதனத்தை மீண்டும் தேடிச் சென்றது. இம்முறை அது சாலையை விட்டுக் கிராமத்துக்கு வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988-ல் தும்கூர் மாவட்டத்து ஹோசஹள்ளியில் ஒரு சிறு விறகுவாயு நிலையத்தை நிறுவினர். டீசல் எஞ்சினில் பொறிக்கட்டை கிடையாது. ஆதலால் தீப்பற்றுவதற்குச் சிறிது டீசலும், மற்றபடி வாயுவுமாக அது இயங்கிற்று. மின்சாரம் எட்டாதிருந்த அவ்வூரில் விளக்குகள் எரிந்தன, குடிநீர் இறைக்கப்பட்டது, மாவு அரைக்கும் எந்திரமும் சுழன்றது. இதற்கான விறகுக்கென ஊர் நிலத்திலேயே மரங்களும் வளர்க்கப்பட்டன.

கழிவுப் பொருளான உமிக்கு முறை வந்தது அதன்பின். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. அதை எரித்தால் அதிலும் ஐந்திலொரு பங்கு சாம்பல். பெரும்பாலும் மணலின் சத்தாகிய சிலிகா. சூடு மிகுந்தால் அது உருகி, கட்டியாகி உலையை அடைத்துவிடும்; இம்பெர்ட்டின் குறுகிய கழுத்து இதற்குப் பொருந்தாது. ஆகையால் கழுத்தில்லாத நேர் உலைகள் உமிக்கென வகுக்கப்பட்டன. 2007-ல் பிகார் மாநிலத்து மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில், தம்குஹா என்னும் கிராமத்தில், அரிசி ஆலை ஒதுக்கிய உமியிலிருந்து மின்சாரம் எடுத்து வீடுகளுக்கு வழங்கினர். உலையில் எஞ்சிய உமிக்கரியை அவ்வட்டாரப் பெண்கள் ஊதுவத்தியாகத் திரித்தனர்.