நீலமும் கறுப்பும்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு நீலநிற சோலார் பேனல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 250 வாட். 2016இல், ஓடாமல் கிடந்த இரண்டு விசைத்தறிகளை விற்ற காசில் அப்பா போட்டவை. போன மாதம் எதிர்வீட்டு மாடியில் கன்னங்கரேலென்று ஆறு பேனல்கள் ஏறின. மாட்ட வந்த ஆள், "நீலமெல்லாம் பழைய சரக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று ராத்திரி அப்பா போனில் கேட்டார்: "ஏல, நான் ஏமாந்துட்டனோ?"

சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட்ட ஊர் இது. எது பெரிது என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அப்பாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. தறியை விற்ற காசு அது.

முதலில் ஒரு திருத்தம்: வயதில் மூத்தது கறுப்புதான். 1916இல் பெர்லினில் வேலை பார்த்த போலந்துக்காரர் யான் சொக்ரால்ஸ்கி, மைக்கூட்டில் தொடவேண்டிய பேனாவை உருகிய வெள்ளீயத்தில் தொட்டுவிட்டார் என்பார்கள். தூக்கியபோது நூல்போல ஒரு இழை வந்தது; முழுக்க ஒரே படிகம். பின்னாளில் சிலிக்கானையும் அப்படியே உருளையாக இழுத்தார்கள். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் காட்டிய சிலிக்கான் சூரிய மின்கலம் ஒற்றைப் படிகம். விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. 1958இல் வான்கார்டு 1 செயற்கைக்கோளில் ஏறியதும் அந்த வகைதான்.

விண்வெளிக்குப் போகிற சாமானுக்கு யாரும் விலை பேசுவதில்லை. வீட்டுக்கூரைக்குப் பேசித்தான் ஆகவேண்டும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மலிவான வழி தேடியபோது வளர்ந்தது நீலம். உருளையாக இழுக்காமல், உருக்கிய சிலிக்கானைச் சதுரத் தொட்டியில் மெல்ல ஆறவிடுவது. செலவு குறைவு, ஆனால் பல படிகங்களாக உறையும். அப்பாவிடம் சொன்னேன்: "கறுப்பு முடிச்சில்லாத பாவு. நீலம் அங்கங்க முடிச்சு விழுந்த நூல். கரண்டு முடிச்சுல தட்டித் தட்டிப் போகுது."

"அப்ப முடிச்சு நூலத்தான் வாங்கியிருக்கேன்" என்றார்.

வீட்டில் மூன்றாவது வகையும் உண்டு. அவர் நூல் கணக்குப் போட்ட கால்குலேட்டரின் நெற்றியிலுள்ள பழுப்புப் பட்டை. ஒழுங்கான படிகமே இல்லாத சிலிக்கான், 1976இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் கார்ல்சனும் ரோன்ஸ்கியும் அறிவித்தது. டியூப்லைட் வெளிச்சமே அதற்குப் போதும். ஆனால் ஃபேன் ஓட்ட அது காணாது.

அப்பா வாங்கிய 2016இல் உலகச் சந்தையில் பெரும்பங்கு நீலத்துக்கு. கறுப்பு விலை கூடுதல். அதன்பிறகுதான் சிலிக்கானை மெல்லிசாக, சேதாரம் குறைவாக அறுக்கும் வைரத்தூள் கம்பி பரவியது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழு 1980களில் உருவாக்கிய 'பெர்க்' கல அமைப்பும் ஆலைகளுக்கு வந்தது. 2020 வாக்கில் கறுப்பு சந்தையைப் பிடித்துவிட்டது.

வித்தியாசம் நிஜம்தான். ஒரு சதுர மீட்டரில் அப்பாவின் நீலம் சுமார் 150 வாட். இன்றைய கறுப்பு 210. பேனலில் எழுதியிருக்கும் வாட்டும் 25 டிகிரி சூட்டுக்கான கணக்கு. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொடும். நீலம் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் இழக்கும். 250 வாட் 210 ஆகிவிடும். புதிய கறுப்பு 0.3 அளவில் இழக்கும். மாடி சின்னதாக இருந்தால் கறுப்புதான். எங்கள் மாடியிலோ இடம் காலியாகவே கிடக்கிறது.

"அன்னைக்கு அந்தக் காசுக்கு அதுதான்பா சரி. நீங்க ஏமாறல" என்றேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். "நாம தறி போட்டு முடிக்கல, நாடா இல்லாத தறி வந்துட்டுன்னாங்க. அதுக்காக நெய்யாமலா இருந்தோம்?"

பிறகு, தூசி படிஞ்சு கிடக்கு, துடைக்கணும் என்று போனை வைத்துவிட்டார்.