சாட்சியைச் சுமந்து சென்றவர்கள்

ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊரில் குடியேறுவோர் பண்டபாத்திரங்களை எடுத்துச் செல்வர். பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்துச் செல்வர். கோயில் கொடிமரத்தையும் திருவிழாத் தேரையும் எடுத்துச் செல்ல எவராலும் இயலாது. இச்சிறு உண்மையிலிருந்து தொடங்கினால், நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுக்கு விடை தேட வழி பிறக்கும் என எண்ணுகிறோம். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராய் வாழ்ந்த குடும்பங்கள், நகரின் புறத்தே குடியேறியபின் சுவிசேஷ சபைகளையும் பெந்தகோஸ்து செபவீடுகளையும் நாடுவது ஏன் என்பதே அக்கேள்வி.

சென்னைக்கு மேற்கேயுள்ள வேப்பம்பட்டையே எடுத்துக்கொள்வோம். 1856-இல் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதி நோக்கி ஓடிய தென்னகத்தின் முதல் புகைவண்டி இவ்வழியேதான் சென்றது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. வேலை தேடி வந்தோர், வாடகைக்கு அஞ்சி, இருப்புப்பாதையை ஒட்டியே மேற்கு நோக்கி நகர்ந்தனர். நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. சொந்த ஊரில் ஒருவரை அறிய, எந்தத் தெரு, யார் மகன், எந்தப் புனிதரின் கோயில் என்று கேட்டால் போதும். புதுமனைத் தெருவில் அவ்வாறு கேட்பார் இல்லை. அங்கே அவர் ஒரு கதவிலக்கம், காலை மின்தொடர் வண்டியில் ஒரு பயணி, அவ்வளவே.

அவர் செபவீட்டுக்குச் சென்றால், "அல்லேலூயாக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்" என நம்மவர் நகைக்கின்றனர். ஆசை காட்டி இழுத்துவிட்டார்கள் என்கின்றனர். நகைப்பது எளிது. வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது.

சுவிசேஷக் கிறிஸ்தவத்தின் உள்ளக்கிடக்கையை அறிய, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் தழைத்த பக்தி இயக்கத்துக்குச் செல்ல வேண்டும். சமயம் அரசின் சட்டமாகவும் பிறப்பின் வழக்கமாகவும் உறைந்துபோன காலத்தில், உள்ளம் தானே உணர்ந்து மனந்திரும்ப வேண்டும் என அவ்வியக்கம் வற்புறுத்தியது. அதன் மையமான ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கால் வைத்தார். 1738-இல் இலண்டன் கூட்டமொன்றில் ஜான் வெஸ்லி அடைந்த உள்ளனுபவம் இங்கிலாந்திலும் அந்நெருப்பைப் பரப்பியது. அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ், 1902-இல் வெளிவந்த தம் நூலில், சமய உள்ளங்களை ஒருமுறை பிறந்தவை, இருமுறை பிறந்தவை என இரண்டாகப் பகுத்தார். தனக்குள் பிளவுண்டு தவிக்கும் உள்ளம், மனமாற்றத்தின்வழி ஒருமை பெறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்த ஒருமையைச் சொற்களால் கட்டிக்காப்பதே 'சாட்சி'. முன்பு இவ்வாறு இருந்தேன். ஆண்டவர் என்னைச் சந்தித்தார். இப்போது இவ்வாறு இருக்கிறேன் என்னும் மூன்று பகுதிகள் கொண்ட தன்வரலாறு அது.

இத்தகைய தன்வரலாறு யாருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டது? திருநெல்வேலிச் சீமை விடை தருகிறது. மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டு வாழ இடமின்றித் தவித்தவர்களுக்கென 1799-இல் நிலம் வாங்கப்பட்டு, முதலூர் என்னும் புதிய ஊர் அமைந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் காலத்திலும் அவருக்குப் பின்னும் இத்தகைய ஊர்கள் பெருகின. மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சுவிசேஷபுரம் என்னும் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பழைய ஊர் தந்த இழிபெயரை உதறியவர்கள், தமக்கும் தம் மண்ணுக்கும் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஊரை இழந்தவர்களின் சமயமாகவே சுவிசேஷக் கிறிஸ்தவம் இங்கு வேர்கொண்டது.

ரேனியுஸின் மாணவர்களுள் ஒருவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். மிஷனெரிச் சங்கத்தின் நிலையான ஊதியத்தை ஏற்காமல், கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்துப் பணியாற்றியவர். 1860-இல் அவர்தம் மக்களிடையே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. ஆண்களும் பெண்களும் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர், உடல் நடுங்கினர், காட்சி கண்டனர், பரவசப் பேச்சுப் பேசினர். பெந்தகோஸ்து இயக்கத்தின் பிறப்பிடமென உலகம் போற்றும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர் அசூசா தெரு நிகழ்வு 1906-இல் நடந்தது. அதற்கு 46 ஆண்டுகள் முன்பே தமிழ் மண்ணில் இது நிகழ்ந்துவிட்டது. ஆகவே இதனை அமெரிக்க இறக்குமதி என ஒதுக்குவோர் வரலாற்றை மறுபடி படிக்க வேண்டும்.

தன் கதையைத் தானே சொல்லக் கற்றவர், தன்னைப் பற்றிப் பிறர் சொல்லும் கதையை எளிதில் ஏற்கமாட்டார். கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலொன்று தம் சமூகத்தை இழிவுபடுத்துகிறதெனக் கிளர்ந்தெழுந்தவர்களுள் முதன்மையானவர் நாசரேத்தின் சட்டாம்பிள்ளை. 1857-இல் அவர் ஐரோப்பியர் துணையின்றித் தனிச்சபையே நிறுவினார். சாட்சி சொல்லும் நாவுக்குத் தன்மதிப்பும் வாய்த்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த அடையாளம் உடலிலும் எழுதப்பட்டது. 1920-களில் பாஸ்டர் பால் இலங்கையில் தொடங்கிய சிலோன் பெந்தகோஸ்து மிஷன், வெண்ணிற ஆடை, நகை அணியாமை, மருந்து கொள்ளாமை, மணத்துறவு பூண்ட ஊழியர் வாழும் விசுவாச வீடுகள் எனத் தன்னை வேறுபடுத்திக்கொண்டது. பின்னாளில் வங்கி ஊழியராயிருந்த டி. ஜி. எஸ். தினகரன், இளமையில் தற்கொலை எண்ணத்தோடு சென்ற தம்மை இயேசு தடுத்தாட்கொண்ட சாட்சியை மேடைதோறும் சொன்னார். அதைக் கேட்டவர்களுள் கடனாளிகள் இருந்தனர்; வேலையற்றோர் இருந்தனர்; குடிகாரக் கணவனுக்கு அஞ்சிய மனைவியர் இருந்தனர். இருட்டில் நிற்கும் தம் கதைக்கும் ஒரு விடியல் உண்டு என்னும் உறுதியே அவர்களை ஈர்த்தது.

இனி நம் வரலாற்றைப் பார்ப்போம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் தூய சவேரியார் அவர்களிடையே வந்து மறைக்கல்வி புகட்டினார். அங்கே நம்பிக்கை தனி ஒருவரின் கதையாக அன்று, ஊரின் கதையாக வளர்ந்தது. இதன் வலிமை பெரிது. செபிக்க இயலாதவருக்காக ஊர் செபிக்கும். ஐயுற்றவரையும் தளர்ந்தவரையும் ஊரின் நம்பிக்கை தாங்கும். ஆனால் ஊரை விட்டு நீங்கியவனோடு அந்த வலிமை உடன் செல்வதில்லை. சுவிசேஷ சபையாரின் சாட்சியோ நாவிலே இருக்கிறது. உறையிட்ட வேதாகமத்தோடு எங்கும் வருகிறது. ஒரு வாடகை வீட்டின் முன்னறையே அதற்குக் கோயிலாகப் போதுமானது.

எனினும், அச்சாட்சிக்கு நிழலும் உண்டு. அது எப்போதும் வெற்றியில் முடிய வேண்டும். நோய் தீராதவர், செபித்தும் பிள்ளையை இழந்தவர், என்ன சாட்சி சொல்வார்? 'விசுவாசக் குறைவு' என்னும் சொல் அவர்மீது விழும்போது, துயரத்தோடு குற்றவுணர்வும் சேர்கிறது. மேலும், 'நான் மீட்கப்பட்டவன்' என்னும் உறுதி, 'நீ மீட்கப்படாதவன்' என்னும் வேலியின்றி நில்லாதபோது, உடன்பிறந்தோரிடையேகூடப் பந்தி பிரிகிறது. இந்நிழல் நமக்குப் புதிதன்று. 'திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை' என்பதைக் குறுகிய பொருளில் முழங்கிய காலம் நமக்கும் இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. 1967-இல் கத்தோலிக்கரிடையே அருங்கொடை இயக்கம் தோன்றியது. 1972-இல் பெந்தகோஸ்து சபையாருடன் உரோமையின் உரையாடல் தொடங்கியது. பழிப்பதை விடுத்துச் செவிமடுக்கத் திருச்சபை கற்றுவருகிறது.

நாம் செய்ய வேண்டுவது யாது? நமக்கு அன்பியங்கள் உள்ளன. அவை சந்தா திரட்டவும் திருவிழா வேலை பகிரவும் மட்டுமே கூடுமாயின், புதுமனைத் தெருவின் தனிமை அவற்றால் தீராது. கூட்டத்தின் மூலையில் அமர்ந்திருக்கும் பெண்ணை நோக்கி, "அம்மா, இந்த வாரம் உங்களுக்கு எப்படிக் கழிந்தது?" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்க நாம் அறிந்தாக வேண்டும். வெற்றியில் முடியாத சாட்சிக்கும் அங்கே இடம் வேண்டும். யோபு புலம்பினார், கெத்சமனியில் ஆண்டவரே கலங்கினார், அப்புலம்பலும் கலக்கமும் மறைநூலில் இடம்பெற்றே உள்ளன. குணமாகாத நோயாளியும் தன் கதையைச் சொல்லி முடித்து, வெட்கமின்றி எழுந்து போகக்கூடிய ஒரு முற்றத்தை வேப்பம்பட்டில் நாம் அமைப்போமாயின், சொந்த ஊரில் நின்றுவிட்ட தேர் அத்தெருவுக்கும் வந்துசேர்ந்தது எனலாம்.