மியூராவும் டேடோனாவும்: ஏலவிலை சொல்லாத வரலாறு

1965 நவம்பரில் டுரின் மோட்டார் கண்காட்சியில் லம்போர்கினி நிறுவனம் மேற்கூடு இல்லாத வெறும் சேசிஸ் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. 12 சிலிண்டர் என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் அமர்ந்திருந்தது. அதுவரை பெரும்பாலும் பந்தயத் தடத்துக்கே உரியதாயிருந்த அமைப்பைச் சாலைக்குக் கொண்டுவரத் துணிந்தவர்கள் தல்லாரா, ஸ்டன்சானி, பாப் வாலஸ் என்னும் இளம் பொறியாளர் குழுவினர். பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி அதற்கு உருவம் தந்தார். 1966 மார்ச்சில் ஜெனிவாவில் மியூரா அறிமுகமானது.

ஃபெராரி வேறு வழியில் சென்றது. இத்தகைய ஆற்றல்மிக்க என்ஜினை நடுவில் வைத்த காரைச் சாதாரண வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பது ஆபத்து என்பது மரனெல்லோவின் எண்ணம். 1968 அக்டோபரில் பாரிஸில் வெளியான 365 ஜிடிபி/4 காரில் என்ஜின் முன்புறமே இருந்தது. கியர்பெட்டி மட்டும் பின்னச்சுக்கு நகர்ந்தது. பினின்ஃபரினாவின் ஃபியோரவந்தி வரைந்த அந்தக் காருக்கு, 1967 டேடோனா 24 மணிநேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்ததன் நினைவாக, 'டேடோனா' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ஆற்றலில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தொடக்ககால மியூராவின் 3.9 லிட்டர் என்ஜின் 350 குதிரைத்திறன் தந்தது, டேடோனாவின் 4.4 லிட்டர் என்ஜின் 352. வேறுபாடு நடத்தையில் இருந்தது. மியூராவின் எரிபொருள் தொட்டி முன்புறத்தில் இருந்ததால், பெட்ரோல் குறையக் குறைய அதிவேகத்தில் மூக்குப்பகுதி இலகுவாகி மேலெழ முனைந்தது. டேடோனாவில் எடை இரு அச்சுகளுக்கும் சீராகப் பகிர்ந்திருந்தது. 1972 முதல் 1974 வரை லெ மான்ஸில் அது தன் பிரிவில் தொடர்ந்து வென்றது. உற்பத்தி நின்று பல ஆண்டுகளுக்குப் பின், 1979 டேடோனா பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாமிடம் பெற்றது.

ஆயினும் ஏலக்கூடத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. 385 குதிரைத்திறன் கொண்ட மியூரா எஸ்வி, சாதாரண டேடோனா கூபேவைவிடப் பல மடங்கு விலை போகிறது. மியூரா மொத்தம் 760-க்குச் சற்று மேற்பட்டவையே உருவாயின. டேடோனா கூபேக்களோ ஏறத்தாழ 1,300. எனினும் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. மியூரா ஒரு தொடக்கம். டேடோனா ஒரு மரபின் முதிர்ச்சி. 1973-இல் டேடோனாவுக்கு அடுத்து வந்த பெர்லினெட்டா பாக்ஸரில் ஃபெராரியே என்ஜினை நடுவுக்கு மாற்றிக்கொண்டது.

இந்த விலைக்கணக்கு வரலாற்றுக்கு இழப்பையும் ஏற்படுத்தியுள்ளது. டேடோனாவின் திறந்த கூரை வகையான ஸ்பைடர் தொழிற்சாலையில் 122 மட்டுமே உருவானது. அதற்குக் கூடுதல் விலை கிடைத்ததால் பல அசல் கூபேக்களின் கூரைகள் அறுக்கப்பட்டன. இன்று அவற்றை அடையாளம் காட்டுவது சேசிஸ் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேடும்தான். அறுக்கப்படாத கூரையோடு எஞ்சிய கூபே ஒவ்வொன்றும், தன் காலத்துப் பொறியியலை ஏலவிலையைக் காட்டிலும் நேர்மையாகச் சொல்லும் ஆவணம்.