மெதுவாக ஓடக் கற்கும் குதிரை

புக்கிட் மேரா என்றால் செம்மலை. அங்கே இன்று மாடி வீடுகள்தாம் மிகுதி. குதிரையைக் காண்பது அரிது. ஆனால், அங்கிருந்து பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போனோமானால், ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர்ப்பலகை பழைய கதையைச் சொல்லும். 1842-இல் பந்தயக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் முதற்பந்தயம் நடந்தது. 1933-இல் புக்கிட் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் மாறிய பந்தயம், 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு நின்றுபோயிற்று.

வென்ற குதிரையின் பெயர் ஏட்டில் ஏறியது. அதற்குத் தீனி வைத்து, லாயம் கூட்டிய சைஸ்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? பாவியான் தீவினரும் இந்தியரும் அந்த வேலையைப் பார்த்தவர்கள்.

பந்தயம் நின்றால் குதிரை என்ன ஆகும்? பல வெளிநாடு சென்றன. சில சவாரிப் பள்ளிகளுக்குப் போயின. அங்கேதான் சிக்கல். கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து விரைய வேண்டும் என்று பழகிய குதிரை அது. அதன் முதுகில் ஒரு பிள்ளையை எப்படி ஏற்றுவது?

பாய்ச்சலுக்குச் சற்றுக் குறைந்த ஓட்டத்தைக் கேண்டர் என்பார்கள். அதில் மூன்று தாளம் கேட்கும்: முதலில் ஒரு பின்னங்கால், அடுத்து மற்றப் பின்னங்காலும் அதற்கு எதிர்மூலை முன்னங்காலும் சேர்ந்து, பிறகு எஞ்சிய முன்னங்கால். கடிவாளத்தை வெறுமனே இழுத்தால் நடுத்தாளம் உடைந்து நான்காகும். குதிரை மெதுவாகப் போவதுபோல் தோன்றும், உண்மையில் தள்ளாடும்.

தோளில் காண்டாக் கம்பும் இருபுறமும் பால் வாளிகளுமாகச் சரிவில் இறங்கியவர்களுக்கு இது விளங்கும். ஓடி இறங்கிவிடலாம், சிந்தாமல் மெல்ல இறங்கத்தான் தொடையில் வலு வேண்டும். குதிரைக்கும் அப்படியே. பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் வந்து பாரத்தைத் தாங்கினால்தான் வேகம் தானாகக் குறையும்.

அதட்டிச் செய்விப்பதைக் குதிரை புரிந்துகொள்வதில்லை என்று கிரேக்க நாட்டுச் செனபோன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். 1733-இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு ஆசிரியர் கெரினியேரும் மென்மையான கையையே வற்புறுத்தினார். நம் முன்னோரும் குதிரை நடையை ஐந்து கதிகளாகப் பிரித்தவர்கள். வேகம் ஒன்றையே அவர்கள் பெரிதாக எண்ணவில்லை.

பழக்கும் முறை எளியது, பொறுமைதான் அரியது. 20 மீட்டர் அகல வட்டத்தில் நாலைந்து எட்டு மட்டும் கேண்டர். குதிரை விரையத் தொடங்குமுன் நடைக்குத் திருப்பிவிட வேண்டும். மீண்டும் அதையே செய்ய வேண்டும். இடையில் முதுகை நிமிர்த்தி, விரல்களை ஒரு கணம் மூடி, உடனே தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே இருப்பவர்தாம் பலர். பழைய பந்தயக் குதிரைக்கு அது 'ஓடு' என்ற கட்டளையாகிவிடும். காலின் அணைப்பை மட்டும் விடலாகாது. தினமும் சிறிது நேரம் போதும். களைத்த குதிரை எதையும் கற்காது.

மாதங்கள் பல கழிந்தபின் ஒருநாள், வார் தளர்ந்திருக்கும்போதும் குதிரை வேகம் கூட்டாது. பெருமூச்சு விட்டுக் கழுத்தைத் தாழ்த்தும். மணலில் மூன்று தாளமும் தனித்தனியே கேட்கும்.